இருவர் ஆழம்

சேத் மால்ட்பி எங்கள் தோர்ஸ்பி ஊர்க் கோயிலில் நாற்பத்தாறு வருஷம் கல்லறை வெட்டினார். தன் கையால் மண்ணுக்குள் வைத்தவர்கள் முந்நூற்றுப் பதினொரு பேர் என்று சொல்வார். நான் தபால் நிலைய ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷம் உட்கார்ந்தவள். எண்ணிக்கை ஒன்று தப்பினாலும் எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் அடக்கப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு அவர் காலத்துப் பெயர்களை எண்ணினேன். முந்நூற்றுப் பத்துதான் வந்தது.

"ஒண்ணு கூட்டிச் சொல்றீங்க, சேத்."

"பதிவேடு ஒண்ணு கம்மியாச் சொல்லுது" என்றார்.

கிழவருக்கு வாய்க்கொழுப்பு என்று விட்டுவிட்டேன்.

ஆள் நெட்டை. குனிந்தே வேலை செய்ததால் நிமிரும்போதும் பாதிதான் நிமிர்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயில் வாசலுக்கு எதிர்வீடு. மத்தியான ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் பழைய பண்ணையாரின் மேஜைக் கல்லறைமேல் விரித்துவைத்துத்தான் சாப்பிடுவார். அந்தப் பண்ணையார் குடும்பத்துக்குக் கோயிலுக்குள்ளே ஒரு சுவர் முழுக்கப் பளிங்கு. தர்மவான், சாந்தசொரூபி, ஏழைகளின் தகப்பன் என்று வரி வரியாக எழுதியிருக்கும். அந்த ஏழைகளின் தகப்பன் என் பாட்டனை வீட்டைவிட்டுத் துரத்தியவர். சேத் அதைப் பார்த்து, "உள்ளே இருக்கிற கல்லு பொய் சொல்லும். வெளியே இருக்கிற கல்லு பாதி சொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

எங்கள் ஊரில் கட்டியவன் முதலில் போனால் குழியை ஏழடி வெட்டுவது வழக்கம். அவன் அடியில். பிற்பாடு பெண்சாதி அவன்மேல். இதை இருவர் ஆழம் என்போம். கல்லிலும் அவள் பெயரைக் கையோடு வெட்டிவிடுவார்கள். கடைசித் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். உயிரோடு இருக்கிறவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் பெயரைக் கல்லில் பார்த்துக்கொண்டே கோயிலுக்குள் நுழைவாள். அது எங்களுக்கு வினோதமாகத் தோன்றியதில்லை.

அப்படித் தன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருபத்தெட்டு வருஷம் நடமாடியவள் லவீனியா டௌஸ். புருஷன் செசில் வாய்க்கால் மதகு பார்க்கிறவன். 1963 ஜனவரியில் மார்புச் சளியில் போனான். பிள்ளை குட்டி கிடையாது. ஒன்று பிறந்து மூச்சு விடாமலே போயிற்று என்று என் அம்மா ஒருமுறை அடுப்படியில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைப் பற்றி யாரும் லவீனியாவிடம் பேசியதில்லை. அவளும் பேசியதில்லை. சனிக்கிழமைதோறும் வாளியும் பிரஷ்ஷுமாக வந்து செசிலின் கல்லைத் தேய்ப்பாள். தேய்க்கிற நேரம் முழுக்க சேத்தைத் திட்டுவாள்.

திட்டுவதற்குக் காரணம் இருந்தது. செசிலைத் தெற்குப் பக்கம் வெயில் படுகிற இடத்தில் வைக்கத்தான் அவள் கேட்டாள். சேத் பிடிவாதமாக வடக்குச் சுவரோரம் வெட்டினார். வடக்குப் பக்கம் எங்கள் ஊரில் கௌரவமான இடமில்லை. ஊர் பேர் தெரியாதவர்கள், தூக்குப் போட்டுக்கொண்டவர்கள், ஞானஸ்நானத்துக்கு முன்பே செத்த சிசுக்கள் எல்லாம் அந்தக் காலத்தில் அங்கேதான். அவர்களுக்குக் கல்லும் கிடையாது. "தெற்கே பழைய எலும்பாக் கெடக்குது, இருவர் ஆழம் போகாது. வடக்கே போகும்" என்று சேத் சொன்னார். கூட இருக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக லவீனியா சம்மதித்தாள்.

அந்த வருஷப் பனி உங்களுக்குத் தெரிந்திருக்காது. மண் இரண்டடிக்குக் கல்லாக இறுகிக் கிடந்தது. பக்கத்து ஊர்களில் பிணங்களைப் பெட்டியோடு கொட்டகையில் வைத்துக் காத்திருந்தார்கள். சேத் மட்டும் மூன்று நாள் கடப்பாரையால் குத்திக் குழியை முடித்தார். கல்லறைப் புத்தகத்தில் 'செசில் டௌஸ், வடக்குச் சுவர், இருவர்' என்று எழுதினார். ஊரே மெச்சியது. பாதிரியார் பிரசங்கத்திலேயே சொன்னார். மெச்சும்போது சேத் எழுந்து வெளியே போய்விட்டார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகு 1984இல் கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டதென்று அரசு உத்தரவு போட்டு மூடிவிட்டார்கள். இனிமேல் புதுக் குழி கிடையாது. ஏற்கெனவே இடம் விட்ட குழியை மட்டும் திறக்கலாம். மற்றவர்களுக்கு நாலு மைல் தள்ளி நகரத்து மயானம், இல்லையென்றால் தகனம். பாதி ஊர் தகனத்துக்கு மாறிக்கொண்டது. லவீனியா மாறவில்லை. அவளுக்கு ஒன்பது வயதில் அவள் அப்பா வைக்கோல் போர் தீயில் மாட்டிக்கொண்டார். அவள் வேலியோரம் நின்று பார்த்தாள். வீட்டில் கடைசிவரை அடுப்பைக்கூட அவள் பற்றவைத்ததில்லை, செசில்தான். அவன் போனபின் மின்சார அடுப்பு வாங்கினாள். "என்னை எங்க வேணாப் போடுங்க, நெருப்புல மட்டும் போடாதீங்க" என்று கடைவீதியில் நின்று சொல்வாள். "எனக்கென்ன, என் இடம் தயாரா இருக்கு" என்றும் சேர்த்துக்கொள்வாள்.

1991 கோடையில் மாவட்ட வரலாற்றுச் சங்கத்துக்காக எங்கள் கல்லறை வாசகங்களையெல்லாம் எழுதியெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கல் சொல்வதை மட்டும் எழுத வேண்டும். நமக்குத் தெரிந்ததைச் சேர்க்கக்கூடாது என்பது விதி. செசிலின் கல் இருநூற்றுப் பதினாலாவது. 'அவர் மனைவி லவீனியாவும். பிறப்பு 1911. இறப்பு' என்பதோடு நின்றது. அதற்குப் பிறகு ஒரு சாண் வெற்றுக் கல். அன்று சனிக்கிழமை, லவீனியா பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்ன எழுதப் போற, ஈனிட்?"

"வெற்றிடம்னு போடறேன்."

"சீக்கிரமே நெரப்பித் தர்றேன், கவலப்படாத." பிரஷ்ஷை மேஜைக் கல்லறைப் பக்கம் நீட்டினாள். அங்கே சேத் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். "அதோ உக்காந்திருக்கானே மகராசன், அவன் புண்ணியத்துல இந்தக் கல்லுல வெயிலே படாது. பாசியத் தேய்ச்சே என் கை தேஞ்சு போச்சு. ஏண்டாப்பா சேத், பள்ளிக்கூடத்துல உன் மூக்கைச் சிந்திவிட்டவ நான். அந்த நன்றிக்காவது நல்ல மூலையா ஒண்ணு பாத்திருக்கக் கூடாதா?"

"பாசி குளிர்ச்சிதானே, மிஸஸ் டௌஸ்" என்றார் சேத். ரொட்டியைப் பாதியில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

செப்டம்பரில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. கிறிஸ்துமஸ் தாண்டாது என்றார் டாக்டர். அவள் அழவில்லை. நேராகப் பாதிரியார் ஆன்செலிடம் போய்த் தன் இடத்துக்கான காகிதத்தைக் கேட்டாள். அவர் இளைஞர், நல்லவர். புத்தகத்தைப் புரட்டி 'இருவர்' என்ற வார்த்தையைக் காட்டினார். "சேத் மால்ட்பி எழுதியிருக்கார். அதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" என்றார். லவீனியா நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

அக்டோபர் முதல் வாரம் நான் கோயில் அலமாரி அறையில் வாசகங்களை நல்லபடி எழுதிக்கொண்டிருந்தேன். சேத் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் குழியில எடமில்ல, ஈனிட்."

"எந்தக் குழியில?"

"செசில் குழி. நாலரை அடிதான். ஒருத்தருக்குத்தான் வெட்டினேன்."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். "இருவர்னு எழுதியிருக்கீங்களே!"

"பொய் எழுதினேன்."

அப்புறம் அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

"முப்பத்தெட்டு மார்ச்சு. எனக்கு இருபத்து நாலு. மருத்துவச்சி கெம்ப் அம்மா ஒரு சின்ன மரச் சோப்புப் பெட்டியத் தலையணை உறைல சுத்திக் கொண்டு வந்தாங்க. டௌஸ் வீட்டுது, வடக்கே எங்கயாச்சும் வச்சிரு, தாய்கிட்டச் சொல்லிராத, தெரியலன்னா மறந்துருவான்னாங்க. அன்னைக்கு இருந்த பாதிரியார் ஞானஸ்நானம் இல்லன்னு வரல. நரி தோண்டிருமேன்னு அஞ்சரை அடிக்கு வெட்டினேன். சுவத்துல அடையாளத்துக்கு ஒரு ஆணி அடிச்சேன். அப்புறம் அறுபத்து மூணுல செசில். அப்பனாவது பிள்ளைக்குப் பக்கத்துல கெடக்கட்டும்னுதான் அந்த எடத்தப் பிடிச்சேன். பக்கத்துல, ஈனிட். மேல இல்ல. பனி சுவரு பாதிக்கு மூடியிருந்துச்சு. பனியக் கிளறி ஆணியக் கண்டுபிடிச்சு அளந்தேன். அது வேற ஆணி. எனக்கு முன்னால இங்க குழி வெட்டின எங்கப்பா கொடி படர்றதுக்கு அடிச்சது. மூணாவது நாள் சாயங்காலம் கடப்பாரைக்குப் பலகை தட்டுச்சு."

"மறுநாள் காலைல அடக்கம்" என்றேன். எனக்கு நினைவிருந்தது.

"ஆமா. வேற குழி வெட்ட நாளில்ல. அந்தப் பெட்டியத் தூக்கிப் போட எனக்குக் கை வரல. மண்ணப் போட்டு மூடிட்டு, செசில அதுமேல எறக்கினேன். ஒருவர்னு எழுதினா ஏன்னு கேப்பாங்க."

எனக்குக் கோபம் வந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன், அந்தக் கிழவரை அறையலாம்போல வந்தது. "இருபத்தெட்டு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை அந்தப் பொம்பள உங்க முன்னாலதானே நின்னா? ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"சொல்லலாம்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவேன். அவங்க திட்டுவாங்க. சொல்றதவிடத் திட்டு வாங்கறது லேசா இருந்துச்சு."

எங்கள் கோயிலுக்கு இப்போது நகரத்திலிருந்து ஆள் வந்துதான் வெட்டுகிறார்கள். திறக்குமுன் இரும்புக் கம்பியை இறக்கி ஆழம் பார்ப்பார்கள். சேத் சொல்லாமல் விட்டிருந்தால், லவீனியா பெட்டியில் கிடக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்திருக்கும். அப்புறம் நகரத்து மயானத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே ஓர் இடம். "நீங்களே போய்ச் சொல்லணும்" என்றேன். "கூட வா" என்றார்.

மறுநாள் மத்தியானம் போனோம். லவீனியா சால்வையைப் போர்த்திக்கொண்டு தேநீர் ஊற்றினாள். உலர்பழ ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவி சேத்துக்கு முன்னால் தள்ளினாள். "என்னடா, குழிய அளக்க இப்பவே வந்துட்டியா? இன்னும் மூச்சு இருக்கு" என்றாள். சேத் ரொட்டியைத் தொடவில்லை.

"மிஸஸ் டௌஸ், செசில்மேல ஒங்களுக்கு எடமில்ல."

"ஏன் இல்ல?"

"குழி ஆழம் போகல."

"ஏழடி வெட்டினியேப்பா. ஊரே மெச்சிச்சே."

"நாலரைதான். கீழ... கீழ ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்துச்சு."

"யாரு பெட்டி?"

சேத்தின் கையில் தொப்பி சுழன்றுகொண்டே இருந்தது. "முப்பத்தெட்டு மார்ச்சுல நான் வச்சது" என்றார்.

லவீனியா தேநீர்க் கெண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு அவள் கேட்டதை என்னால் மறக்க முடியாது.

"பொண்ணா, பையனா?"

ஐம்பத்து மூன்று வருஷமாக அவளிடம் அதைக்கூட யாரும் சொல்லவில்லை. என் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கெம்ப் அம்மாவுக்குத் தெரியும். ஊரில் பாதிப் பெண்களுக்குத் தெரிந்திருக்கும்.

"பொண்ணு."

"பாத்தியா?"

"ஒரு தடவ. உறை வெலகியிருந்துச்சு. தல நிறைய முடி. கன்னங்கரேல்னு."

"செசிலுக்கும் பொறந்தப்ப அப்படித்தானாம். அவங்கம்மா சொல்லுவாங்க." "யாராவது ஏதாவது சொன்னாங்களா அவளுக்கு? ஜெபம், ஒரு வார்த்தை?"

"பாதிரியார் வரல. அடக்க ஜெபத்தச் சொல்ல எனக்கு உரிமையில்ல. எதையாவது சொல்லணும்னு நின்னேன். பரமண்டல ஜெபம்கூட நாக்குல வரல. வந்தது சாப்பாட்டு ஜெபம் ஒண்ணுதான். அதச் சொன்னேன்."

லவீனியா சிரித்துவிட்டாள். சிரித்த வாயை மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. எண்பது வயதுப் பெண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். கொஞ்சம் அடங்கியதும், "வெளிய போ, சேத்" என்றாள். அவர் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் அவரைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை கல்லுக்கு வரவும் உடம்பில் தெம்பில்லை. சேத்தே வாளியோடு போய்த் தேய்த்தார். பாதிரியார் ஆன்செல் பேராயர் அலுவலகத்துக்குப் போன்மேல் போன் போட்டார். கடைசியில் ஒரு வழி சொன்னார். சிறப்பு அனுமதி வாங்கி, செசிலையும் அந்தச் சின்னப் பெட்டியையும் வெளியே எடுத்து, குழியை ஆழமாக்கி, எல்லோரையும் மறுபடி வைக்கலாம். இல்லாவிட்டால் அந்த இடத்தில் சாம்பலை மட்டும் வைக்கச் சட்டம் விடும், அதற்கு ஒன்றரை அடி போதும். இரண்டாவதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. வைக்கோல் போர் கதை அவருக்கும் தெரியும்.

லவீனியா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "சேத்தக் கூட்டியாங்க" என்றாள்.

அவர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"அவள எழுப்ப வேணாம்" என்றாள் லவீனியா. "நான் அவளத் தூங்க வச்சதே இல்ல. தூங்கறவள ஏன் எழுப்பணும்? நெருப்புலயே போட்டுருங்க என்னை. எங்கப்பா போன வழிதானே. கொஞ்ச நேரந்தான்."

"மிஸஸ் டௌஸ்..." என்றார் சேத்.

"பேசாத. வெயிலில்லாத மூலையில போட்டேன்னு உன்னை இத்தனை வருஷம் திட்டினேனே, மடையா. அப்பவே சொல்லியிருந்தா அவளுக்கும் சேத்துத் தேய்ச்சிருப்பேனே." கையை நீட்டினாள். சேத் அதைப் பிடித்துக்கொண்டார். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

பெயர் ஒன்று வைத்திருந்தாளாம், 1938லேயே. செசிலுக்குக்கூடச் சொன்னதில்லையாம். மேவிஸ். அதைக் கல்லில் சேர்க்க அலுவலகம் ஆதாரம் கேட்டது. பதிவேட்டில் இல்லாத பிள்ளைக்கு ஆதாரம் எங்கே போவது? சேத் தன் கைப்பட ஒரு தாள் எழுதினார், நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். வசந்தத்தில்தான் அனுமதி வந்தது. கல்லில் இப்போது மூன்று பெயர் இருக்கிறது. என் ஏட்டிலும் இருநூற்றுப் பதினாலைத் திருத்திவிட்டேன்.

லவீனியா டிசம்பர் ஒன்பதாம் தேதி போனாள். சாம்பல் வந்ததும், நகரத்து ஆள் வேண்டாம், நானே வெட்டுகிறேன் என்றார் சேத். எழுபத்தேழு வயது. யாரும் தடுக்கவில்லை. காலையில் நான் போனபோது ஒன்றரை அடி முடித்து, பெட்டியின் அளவை மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் வைத்த ஓக் மரப் பெட்டி, இரண்டு கைக்குள் அடங்கும்.

"சோப்புப் பெட்டியும் இதே அளவுதான், ஈனிட்" என்றார். பிறகு, "முந்நூத்திப் பன்னெண்டு" என்றார்.

"கணக்குச் சரிதான், சேத்."

பதினோரு மணிக்குப் பாதிரியார் அடக்க ஆராதனையை முழுதாகப் படித்தார். லவீனியா கேட்டுக்கொண்டபடி இரண்டு பெயர்களைச் சொல்லிப் படித்தார். மேவிஸ் என்ற பெயர் அந்தச் சுவரோரம் முதல் தடவையாகச் சத்தமாகக் கேட்டது. கூட்டம் அதிகமில்லை, பதினைந்து பேர் இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. முடித்துவிட்டு அவர் புத்தகத்தை மூடினார்.

"மிஸஸ் டௌஸ் இன்னும் ஒண்ணு எழுதி வச்சிருக்காங்க" என்றார். "சேத், அன்னைக்கு மேவிஸுக்கு நீங்க சொன்னத இன்னைக்கும் சொல்லணுமாம்."

சேத்துக்கு இது தெரியாது. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆண்டவரே," என்றார் சேத், "நாங்க பெற்றுக்கொள்ளப் போறதுக்காக எங்களை உண்மையா நன்றியுள்ளவங்களா ஆக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஆமென் என்றோம். சேத் முழங்காலிட்டு, அந்தச் சின்னப் பெட்டியை இரண்டு கையாலும் இறக்கினார்.